அட்டகாமா: வறட்சி காத்து வைத்த நிலம்

தென் அமெரிக்காவின் மேற்கு ஓரத்தில், பசிபிக் பெருங்கடலுக்கும் ஆண்டிஸ் மலைத்தொடருக்கும் நடுவே, வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் ஒடுங்கிய நிலம் அட்டகாமா பாலைவனம். அதன் பெரும்பகுதி இன்று சிலி நாட்டுக்கு உரியது. துருவப் பகுதிகளைத் தவிர்த்துப் பார்த்தால், உலகிலேயே மிக வறண்ட பாலை இதுதான். அரிக்கா துறைமுக நகரத்தில் ஆண்டு சராசரி மழை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டுவதில்லை. 1903 அக்டோபரிலிருந்து 1918 ஜனவரி வரை, பதினான்கு ஆண்டுகளுக்கும் மேலாக, அந்த ஊரில் ஒரு துளி மழையும் பதிவாகவில்லை. உலக வானிலை அமைப்பின் ஏட்டில் மழையில்லாத மிக நீண்ட காலமாக அதுவே இடம்பெற்றிருக்கிறது.

பாலைவனம் என்றதும் மணல்மேடுகளும் தகிக்கும் வெயிலும் நினைவுக்கு வரலாம். அட்டகாமாவின் பெரும்பரப்பு அப்படிப்பட்டதல்ல. கடற்கரையிலிருந்து செங்குத்தாக எழும் பாறைச்சுவர் பல இடங்களில் 500 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. அதற்குப் பின்னால் கரையோர மலைத்தொடர். அதையும் தாண்டினால் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரத்தில் கல்லும் களிமண்ணும் உப்புப் பொருக்கும் படிந்த சமவெளி விரிகிறது. அங்குள்ளவர்கள் அதைப் பம்பா என்கிறார்கள். கிழக்கே செல்லச் செல்ல நிலம் படிப்படியாக ஏறி, உப்புப் படுகைகளையும் எரிமலைகளையும் கடந்து, 4,000 மீட்டர் உயரப் பீடபூமியில் போய் முடிகிறது. கடல் மட்டத்திலிருந்து 6,000 மீட்டரை நெருங்கும் சிகரங்கள் வரை எல்லாமே இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகின்றன. வெப்பமும் மிதமானதுதான். கடலோர ஊர்களில் கோடையிலும் காற்று குளிர்ந்தே இருக்கும். உயரமான இடங்களில் இரவில் தண்ணீர் உறையும்.

இவ்வளவு வறட்சிக்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன. அண்டார்க்டிக் பக்கமிருந்து வரும் ஹம்போல்ட் நீரோட்டம் இந்தக் கரையை ஒட்டி வடக்கே பாய்கிறது. அதன் குளிர்ந்த நீருக்கு மேலுள்ள காற்றும் குளிர்ந்து கனத்துக் கீழேயே தங்கிவிடுகிறது. அதன்மேல் வெப்பமான காற்று ஒரு மூடியைப் போலப் படிவதால், கடலின் ஈரம் மேலெழுந்து மழைமேகமாவதற்கு வழியில்லை. தென்கிழக்குப் பசிபிக்கில் ஆண்டு முழுவதும் நிலைகொண்டிருக்கும் உயர் அழுத்த மண்டலம் தெற்கிலிருந்து வரும் மழைக்காற்றைத் திருப்பிவிடுகிறது. அமேசான் பக்கத்து ஈரக்காற்றை ஆண்டிஸ் மலை தடுத்து, தன் கிழக்குச் சரிவிலேயே மழையாக இறக்கிவிடுகிறது. கடலின் ஈரம் கரைக்கு வருவது மூடுபனியாக மட்டுமே. கமான்சாக்கா என்று அழைக்கப்படும் அந்தப் பனி கரையோரக் குன்றுகளில் படியும் இடங்களில் மட்டும் கள்ளிகளும் பாசிகளும் சிறு புதர்களும் வாழ்கின்றன. பம்பாவின் நடுப்பகுதிக்கு அந்தப் பனியும் அரிதாகவே எட்டுகிறது. பல லட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்த நிலை பெரிதாக மாறவில்லை என்பது புவியியலாளர் கருத்து.

கிழக்கு மலைகளில் உருகும் பனியும் அங்கே கோடையில் பெய்யும் மழையும்தான் இந்நிலத்தின் நீர்வளம். அவற்றிலிருந்து பிறக்கும் ஓடைகளில் பல மணலில் மறைந்துபோகின்றன. வறட்சியின் நடுப்பகுதியை முழுவதும் கடந்து கடலை அடைவது லோவா ஆறு ஒன்றே. சுமார் 440 கிலோமீட்டர் நீளமுள்ள அது சிலியின் மிக நீண்ட ஆறும்கூட. நிலத்தடி நீர் மேலெழும் இடங்களில் பாலைச் சோலைகள் உண்டாயின. வடக்கே தமாருகல் பம்பாவில், உப்புப் படிந்த தரைக்கு அடியில் வேரோட்டி நிற்கும் தமாருகோ மரங்கள் ஒரு காலத்தில் காடாகவே இருந்தன. தமிழ்நாட்டுக் கண்மாய்களை அடைத்து நிற்கும் சீமைக்கருவேலத்துக்கு இது நெருங்கிய உறவு மரம். வெள்ளி உருக்கவும் வெடியுப்புக் காய்ச்சவும் அந்தக் காட்டை வெட்டியெரித்தார்கள். இன்றிருக்கும் தோப்புகளில் பெரும்பாலானவை இருபதாம் நூற்றாண்டில் மறுபடி நட்டு வளர்த்தவை.

மழை ஒரு நிலத்துக்குத் தருவதைப் பற்றிப் பலரும் பேசுவார்கள். அது கரைத்துக்கொண்டு போவதை நினைப்பவர் குறைவு. அட்டகாமாவில் எதுவும் கரைவதில்லை, எளிதில் அழுகுவதும் இல்லை. இறந்தவரின் உடல், பறவையின் எச்சம், காற்றிலிருந்து படிந்த உப்பு, கொலையின் தடயம் என எல்லாம் விழுந்த இடத்தில் அப்படியே தங்கிவிடுகின்றன. இந்த நிலத்தின் செல்வமும் சண்டையும் துயரமும் பெரும்பாலும் இந்த ஒரு குணத்திலிருந்து பிறந்தவை.

முதல் சான்று மனித உடல்களே. அரிக்காவை ஒட்டிய கரையோரத்தில் மீன் பிடித்தும் கடல்நாய்களை வேட்டையாடியும் வாழ்ந்த மக்களைத் தொல்லியலாளர்கள் சின்சோரோ பண்பாட்டினர் என்கிறார்கள். கி.மு. 5000 அளவிலேயே இவர்கள் இறந்தவர்களின் உடலைப் பதப்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். எகிப்தியர் அந்தக் கலையைக் கையாளத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. உடலிலிருந்து தோலையும் சதையையும் அகற்றி, எலும்புக்கூட்டைக் குச்சிகளால் வலுப்படுத்தி, சாம்பல் குழைத்த களிமண்ணால் மீண்டும் உருவம் கொடுத்து, தோலைப் போர்த்தி, கறுப்பு மாங்கனீசு பூசினார்கள். பிந்தைய நூற்றாண்டுகளில் முறை மாறியது. சிவப்புக் காவி பூசி, மனித முடியால் செய்த நீண்ட பொய்முடியைத் தலையில் பொருத்தினார்கள். எகிப்தில் இந்தச் சடங்கு முதலில் அரசர்களுக்கும் பிரபுக்களுக்கும் உரியதாக இருந்தது. சின்சோரோ மக்களிடம் அரசர் இல்லை. குழந்தைகளும் கருவிலேயே இறந்த சிசுக்களும்கூட அதே கவனத்தோடு பதப்படுத்தப்பட்டிருக்கிறார்கள்.

இந்த வழக்கம் எப்படித் தோன்றியது என்பதற்கு ஒரு கருத்து முன்வைக்கப்படுகிறது. தொன்மையான பதப்படுத்திய உடல்கள் கிடைக்கும் கமரோனெஸ் பள்ளத்தாக்கின் ஆற்றுநீரில் ஆர்சனிக் மிக அதிகம். இன்றைய பாதுகாப்பு அளவைப் போல நூறு மடங்கு. ஆர்சனிக் கருச்சிதைவையும் சிசு மரணத்தையும் மிகுவிக்கும். பிள்ளைகளை அடுத்தடுத்து இழந்த ஒரு சிறு சமூகம் அவர்களைப் பிரிய மனமில்லாமல் இந்த முறையைக் கண்டிருக்கலாம் என்பது பெர்னார்டோ அரியாசா என்ற சிலி நாட்டு மானுடவியலாளரின் கருத்து. அதை உறுதியாக மெய்ப்பிப்பது கடினம். ஆனாலும் தொன்மையான உடல்களில் குழந்தைகள் இவ்வளவு பேர் இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் இன்னும் வரவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான மாக்ஸ் ஊலே இந்த உடல்களை முதன்முதலில் முறையாக விவரித்தார். 1983இல் அரிக்காவில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது ஒரே இடத்தில் பல பத்து உடல்கள் வெளிப்பட்டன. 2021இல் யுனெஸ்கோ சின்சோரோ புதைவிடங்களை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தது. ஏழாயிரம் ஆண்டுகள் கெடாமல் இருந்த இந்த உடல்களில் சில, அருங்காட்சியகத்தில் காற்றின் ஈரம் கூடியதால் அண்மைக் காலத்தில் சிதையத் தொடங்கியிருக்கின்றன.

உள்நாட்டுச் சோலைகளில் வேறொரு வாழ்க்கை வளர்ந்தது. உப்புப் படுகையின் ஓரத்திலுள்ள சான் பெத்ரோ டி அட்டகாமாவைச் சுற்றி வாழ்ந்த லிக்கனன்டாய் மக்கள் வாய்க்கால் வெட்டிச் சோளமும் கினோவாவும் பயிரிட்டு, லாமாக்களை வளர்த்தார்கள். குன்சா என்ற அவர்கள் மொழி இன்று பேச்சு வழக்கில் இல்லை. ஊர்ப் பெயர்களிலும் சடங்குப் பாடல்களிலும் எஞ்சியிருக்கிறது. கடற்கரையின் உலர்ந்த மீனும் மலைநாட்டின் கம்பளியும் உருளைக்கிழங்கும் காட்டின் வண்ண இறகுகளும் லாமா வரிசைகளின் முதுகில் இந்தப் பாலையைக் குறுக்காகக் கடந்தன. அந்த வழிகளின் ஓரத்துக் குன்றுச் சரிவுகளில் கற்களை அடுக்கியும் மேல்மண்ணைச் சுரண்டியும் வரைந்த பெரிய உருவங்கள் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன. மழை இருந்திருந்தால் அவை என்றோ அழிந்திருக்கும்.

பதினைந்தாம் நூற்றாண்டில் இன்கா பேரரசு இங்கே வந்தது. அதன் பின்னாலேயே ஸ்பானியர் வந்தார்கள். சிலியில் பொன் தேடி ஏமாந்த தியேகோ டி அல்மக்ரோவின் படை 1536-37இல் குஸ்கோவுக்குத் திரும்பியது இந்தப் பாலை வழியாகத்தான். 1540இல் பெத்ரோ டி வால்டிவியா இதே வழியில் தெற்கே போய்ச் சிலியைக் கைப்பற்றினார். அதன்பின் மூன்று நூற்றாண்டுகள் ஸ்பானிய ஆட்சிக்கு அட்டகாமா கடந்துபோகும் வழி மட்டுமே. பொட்டோசி மலையின் வெள்ளி அரிக்கா வழியாகக் கப்பலேறியது, இகீக்கே துறைமுகத்தை அடுத்த உவன்டஹாயாவில் ஒரு வெள்ளிச் சுரங்கம் நடந்தது, சோலைகளில் தேவாலயங்கள் எழுந்தன. ஸ்பானியப் பேரரசு உடைந்து புதிய குடியரசுகள் பிறந்தபோதும் இந்த வெற்றுநிலத்தில் எல்லைக்கோட்டைத் திட்டமாக வரைய யாரும் அக்கறை காட்டவில்லை. வடக்கே தாராபாக்கா பெருவிடமும், நடுவே அன்டோஃபகாஸ்டா கரை பொலிவியாவிடமும், தெற்கே கோப்பியாப்போ பகுதி சிலியிடமும் இருந்தன. 1832இல் கோப்பியாப்போவுக்கு அருகே சன்யார்சீயோவில் வெள்ளி கிடைத்ததும், அந்தப் பணத்தில் 1851இல் கால்டெரா துறைமுகம் வரை ரயில் ஓடியதும் சிலிக்கு வடக்கு நோக்கிய ஆசையைத் தூண்டிவிட்டன.

எல்லையைப் பற்றிய அக்கறையின்மை மறைந்ததற்கு உழவே காரணம். ஐரோப்பாவின் வயல்கள் களைத்துப்போய், உரம் தேடிக்கொண்டிருந்த காலம் அது. முதலில் குவானோ எனப்படும் கடற்பறவை எச்சம் விலைபோனது. மழை கழுவாத இந்தக் கரையில் அது மலைமலையாகக் குவிந்திருந்தது. அடுத்து வெடியுப்பின் முறை. பம்பாவின் மேற்கு விளிம்பில் தரைக்குச் சற்றுக் கீழே கலிச்சே என்ற கெட்டியான உப்புப்பாறை படுகையாகக் கிடக்கிறது. அதில் சோடியம் நைட்ரேட் இருக்கிறது, அயோடினும் இருக்கிறது. நீரில் இவ்வளவு எளிதாகக் கரையும் நைட்ரேட் உப்பு ஒரு நிலத்தில் இத்தனை பெரிய அளவில் தங்கியிருப்பது உலகில் வேறெங்கும் இல்லை. காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் அணு அணுவாகப் படிந்த அது, கழுவிச் செல்ல மழையில்லாததால் லட்சக்கணக்கான ஆண்டுகளில் சுரங்கமாயிற்று. வெடிமருந்துக்காக அதுவரை பிரிட்டன் நம்பியிருந்தது பீகார், வங்காளத்து வெடியுப்பை. 1830களிலிருந்து இகீக்கேயின் உப்பு ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கியது. 1835 ஜூலையில் பீகிள் கப்பலில் அங்கு வந்த சார்லஸ் டார்வின் உப்புக் காய்ச்சும் இடம் ஒன்றைப் போய்ப் பார்த்தார். குடிநீர்கூடப் படகில் வரவேண்டியிருந்த அந்த ஊரின் வறுமை அவர் குறிப்புகளில் பதிவாகியிருக்கிறது.

1866இல் அன்டோஃபகாஸ்டாவுக்கு அருகே பொலிவிய மண்ணில் உப்புப் படுகை கண்டுபிடிக்கப்பட்டது. கண்டவரும் தொழிலாளரும் சிலி நாட்டவர். முதலீட்டில் பிரிட்டிஷாருக்கும் பங்கு இருந்தது. 1874 உடன்படிக்கையில் சிலிக் கம்பெனிகளுக்கு 25 ஆண்டுகளுக்குப் புதிய வரி இல்லை என்று பொலிவியா ஒப்புக்கொண்டது. 1878இல் அதை மீறி ஒரு குவின்டால் உப்புக்குப் பத்து சென்டாவோ வரி விதித்தது. அந்தப் படுகையை நடத்திய கம்பெனி கட்ட மறுத்தது. அதன் சொத்தை ஏலம் விடக் குறித்த நாளான 1879 பிப்ரவரி 14இல் சிலிப் படை அன்டோஃபகாஸ்டாவில் இறங்கியது. 1873இலேயே பொலிவியாவோடு ரகசிய உடன்பாடு செய்திருந்த பெருவும் போருக்குள் இழுக்கப்பட்டது. பத்து சென்டாவோ இந்தப் போரின் சாக்கு. உப்புதான் அதன் காரணம்.

இந்தப் பாலையில் தண்ணீரில்லாமல் ஒரு படை நடக்க முடியாது. கடல் யாருடையதோ நிலமும் அவருடையது. அதனால் போர் முதலில் கடலில் நடந்தது. மே 21 அன்று இகீக்கே துறைமுகத்தில் பெருவின் இரும்புக்கப்பல் உவாஸ்கர் சிலியின் பழைய மரக்கப்பல் எஸ்மெரால்தாவை மூழ்கடித்தது. எதிரிக் கப்பலின் மேல்தளத்தில் குதித்து மாண்ட அதன் தலைவர் அர்துரோ பிராட் சிலியின் தேசிய வீரரானார். அக்டோபரில் அங்கமோஸ் முனையில் உவாஸ்கர் பிடிபட்டது. அதன் தளபதி மிகேல் கிராவ் இறந்தார். பெரு அவரை இன்றும் போற்றுகிறது. 1881 ஜனவரியில் சிலிப் படை லிமா நகருக்குள் நுழைந்தது. 1883 அன்கோன் உடன்படிக்கையில் பெரு தாராபாக்காவை இழந்தது. அரிக்கா, டாக்னா ஆகிய ஊர்களின் பிரச்சினை 1929 வரை இழுத்து, அரிக்கா சிலிக்கும் டாக்னா பெருவுக்கும் என முடிந்தது. பொலிவியாவுக்கு நேர்ந்த இழப்பு இதைவிடப் பெரியது. 1904 உடன்படிக்கையோடு அது கடற்கரையே இல்லாத நாடாயிற்று. ஈடாக அரிக்காவிலிருந்து லா பாஸுக்கு ஒரு ரயில் பாதை கிடைத்தது. இன்றும் பொலிவியாவில் மார்ச் 23ஐக் கடல் நாளாக அனுசரிக்கிறார்கள். கடலுக்கு வழி கேட்டுப் பொலிவியா தொடுத்த வழக்கில், பேச்சு நடத்தும் கடமை சிலிக்கு இல்லை என்று 2018இல் சர்வதேச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வென்றது சிலி, லாபத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொண்டது லண்டன். 1875இல் பெரு தாராபாக்காவின் உப்புத் தொழிலை அரசுடைமையாக்கி, உரிமையாளர்களுக்குப் பணத்துக்குப் பதில் பத்திரங்கள் கொடுத்திருந்தது. போரில் அவற்றின் விலை சரிந்தபோது ஜான் தாமஸ் நார்த் என்ற ஆங்கிலேயர் அவற்றை மலிவாக வாங்கிக் குவித்தார். பத்திரம் வைத்திருப்பவருக்கே படுகை என்று சிலி அறிவித்தது. இயந்திரம் பழுதுபார்க்க வந்த நார்த் சில ஆண்டுகளில் வெடியுப்பு ராஜா எனப் பெயரெடுத்தார். படுகை, ரயில், வங்கி, இகீக்கே நகரத்தின் குடிநீர் என எல்லாவற்றிலும் அவர் கை இருந்தது. ஆனாலும் ஏற்றுமதி வரியால் சிலி அரசும் செழித்தது. 1880களிலிருந்து நாற்பதாண்டுகள் அரசு வருவாயில் ஏறத்தாழ பாதி இந்த உப்பிலிருந்து வந்தது. தலைநகரின் பள்ளிகளும் பாலங்களும் ரயில்களும் இதில் எழுந்தவை. ஹாம்பர்க்கின் பெரிய பாய்மரக் கப்பல்கள் ஹார்ன் முனையைச் சுற்றி நிலக்கரி கொண்டுவந்து உப்பு ஏற்றிப் போயின.

உப்பு எடுத்த இடத்துக்கு ஒஃபிசினா என்று பெயர். பம்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஒஃபிசினாக்கள் இருந்தன. தரையில் ஒடுக்கமான குழி தோண்டி, உள்ளே நுழையக்கூடிய ஒரு சிறுவனை இறக்கி அடியை அகலப்படுத்தி, வெடிமருந்து வைத்துப் பாறையைத் தகர்ப்பார்கள். கலிச்சேயை உடைத்துக் கோவேறு கழுதை வண்டிகளில் ஏற்றி, இயந்திரத்தில் நொறுக்கி, பெரிய இரும்புத் தொட்டிகளில் நீராவியால் கொதிக்க வைப்பார்கள். தெளிந்த சாறு வெளித்தொட்டிகளில் ஆறும்போது வெள்ளைப் படிகம் இறங்கும். 1870களில் சாந்தியாகோ ஹம்பர்ஸ்டன் என்ற பொறியாளர் இங்கிலாந்தின் சோடா ஆலை முறை ஒன்றை இதற்கு ஏற்ப மாற்றியமைத்த பிறகு, தரம் குறைந்த பாறையிலிருந்தும் உப்பு எடுக்க முடிந்தது. எல்லா வேலையிலும் கொடியது தொட்டி துப்புரவு. கொதி தணியுமுன் உள்ளே இறங்கி, அடியில் படிந்த சக்கையை வாரி வெளியேற்ற வேண்டும். கால் தவறிக் கொதிநீரில் விழுந்து இறந்தவர்கள் உண்டு.

தொழிலாளர்கள் சிலி, பெரு, பொலிவியா என மூன்று நாட்டிலிருந்தும் வந்தார்கள்; தரகர்கள் ஆசைகாட்டி அழைத்து வந்தவர்களே மிகுதி. கூலி பணமாகக் கைக்கு வராது. அந்த ஒஃபிசினாவின் பெயர் பொறித்த டோக்கன் கிடைக்கும். அது செல்லுபடியாவது கம்பெனி நடத்தும் கடையில் மட்டும். அங்கே விலையும் எடையும் கம்பெனி வைத்ததுதான். வேறிடத்தில் மாற்றினால் மதிப்பில் ஒரு பங்கு கழியும். வீடு தகரத்தாலோ உப்புப் பாறைத் துண்டுகளாலோ ஆனது. பகலில் வெயில் சுடும் பம்பா இரவில் உறைநிலைக்கு இறங்கும். மரமோ ஆறோ இல்லாத அந்த வெளியில் இந்த மக்கள் நாடகக் குழுக்களும் இசைக்குழுக்களும் செய்தித்தாள்களும் சங்கங்களும் உண்டாக்கினார்கள். சிலியின் தொழிலாளர் இயக்கம் பிறந்தது இங்கேதான். அச்சுத் தொழிலாளியான லூயிஸ் எமிலியோ ரெக்கபாரென் 1912இல் இகீக்கேயில் தொடங்கிய சோஷலிசத் தொழிலாளர் கட்சி பின்னாளில் கம்யூனிஸ்ட் கட்சியானது.

அதற்கு ஐந்தாண்டு முன்பு, 1907 டிசம்பரில், சான் லொரென்சோ ஒஃபிசினாவில் தொடங்கிய வேலைநிறுத்தம் பம்பா முழுவதும் பரவியது. கோரிக்கைகளைப் படித்தால் அந்த வாழ்க்கை விளங்கும். மதிப்பிழந்த காசுக்கு ஈடான கூலி, டோக்கனுக்கு முழு மதிப்பு, கடைக்கு வெளியே ஒரு தராசு, கொதிக்கும் தொட்டிகளுக்கு மேல் கம்பித் தடுப்பு, இரவுப் பள்ளிக்கு ஓர் அறை. ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு பாலையைக் கடந்து இகீக்கேக்கு இறங்கி, சாந்தா மரியா பள்ளியில் தங்கினார்கள். டிசம்பர் 21 அன்று ஜெனரல் ரொபெர்த்தோ சில்வா ரெனார்தின் படை பள்ளியைச் சூழ்ந்தது. பெரு, பொலிவியத் தூதர்கள் தங்கள் நாட்டவரை வெளியேறி வரச் சொன்னார்கள்; அவர்கள் சிலித் தோழர்களை விட்டு வர மறுத்தார்கள். முப்பது ஆண்டுக்கு முன் ஒருவரையொருவர் கொன்ற நாடுகளின் பிள்ளைகள் அவர்கள். கெடு முடிந்ததும் கூட்டத்தின்மேல் இயந்திரத் துப்பாக்கிகள் சுட்டன. அரசுக் கணக்கு இறந்தவர்களை நூற்றுச் சொச்சமாகக் குறைத்துக் காட்டியது. மற்ற மதிப்பீடுகள் ஆயிரத்தைத் தாண்டுகின்றன. சிலியின் பாடப்புத்தகங்கள் நீண்ட காலம் இதைப் பேசவில்லை. 1970 அளவில் லூயிஸ் அத்விஸ் இயற்றிய இசைநாடகம்தான் இந்தப் படுகொலையை மக்கள் நினைவுக்கு மீட்டது.

உப்பின் காலம் ஜெர்மனியில் முடிவுக்கு வந்தது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியை 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபர் செய்து காட்டினார். 1913இல் ஒப்பாவில் ஆலை இயங்கியது. அடுத்த ஆண்டு போர் மூண்டு, பிரிட்டிஷ் கடற்படை சிலி உப்பு ஜெர்மனிக்குப் போகாமல் தடுத்தபோது, அந்த ஆலைகளே வெடிமருந்தும் உரமும் தந்தன. போருக்குப் பின் செயற்கை நைட்ரேட் உலகெங்கும் பரவியது. 1929க்குப் பின் வந்த பெருமந்தத்தில் ஒஃபிசினாக்கள் வரிசையாக மூடப்பட்டன. பம்பாவின் குடும்பங்கள் மூட்டையோடு தெற்கே ரயிலேறின. ஹம்பர்ஸ்டனின் பெயரைத் தாங்கிய ஒஃபிசினா 1960 வரை தாக்குப்பிடித்தது. அதன் நாடக அரங்கும் கடைவீதியும் இரும்பு நீச்சல்குளமும் இன்றும் நிற்கின்றன. 2005 முதல் அது உலகப் பாரம்பரியச் சின்னம். மரியா எலெனா வட்டாரம் உட்படச் சில இடங்களில் இன்றும் நைட்ரேட்டும் அயோடினும் எடுக்கிறார்கள்.

உப்பு போன இடத்தைச் செம்பு பிடித்தது. செம்பு இந்த மக்களுக்குப் புதிதல்ல. 1899இல் சூக்கிகமாட்டாவில் ஒரு பழைய சுரங்கவழியில் இடிபாட்டில் சிக்கி இறந்த தொழிலாளியின் உடல், கல் சுத்தியும் கூடையும் பக்கத்தில் இருக்க, அப்படியே கிடைத்தது. அவர் இறந்து ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் ஆகியிருந்தன. 1915இல் அமெரிக்காவின் குகன்ஹைம் குடும்பம் அங்கே தொடங்கிய திறந்தவெளிச் சுரங்கம் நான்கு கிலோமீட்டருக்கு மேல் நீளமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழமும் உள்ள பள்ளமாக வளர்ந்தது. 1971 ஜூலையில் சால்வதோர் அயெந்தே ஆட்சியில் நாடாளுமன்றம் ஒருமனதாகப் பெரிய செம்புச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியது. பின்னர் வந்த இராணுவ ஆட்சிகூட அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1990இல் தொடங்கிய எஸ்கொந்திதா இன்று உலகின் மிகப்பெரிய செம்புச் சுரங்கம். 2010இல் கோப்பியாப்போ அருகே 33 தொழிலாளர்கள் 69 நாள் மண்ணுக்கடியில் சிக்கி உயிரோடு மீண்டதும் இந்தப் பாலையில்தான்.

1973 செப்டம்பர் ஆட்சிக்கவிழ்ப்புக்குப் பின் வந்த ஜெனரல் பினோச்சேயின் இராணுவ அரசு, மூடிக்கிடந்த சக்கபூகோ ஒஃபிசினாவைக் கைதிகள் முகாமாக்கியது. அந்த அக்டோபரில் காலமா நகரத்தில் 26 பேரைக் கொன்று பாலையில் புதைத்தார்கள். அவர்களுடைய மனைவியரும் தாய்மாரும் கைமண்வெட்டியோடு ஆண்டுக்கணக்கில் அந்த வெளியைத் தோண்டித் தேடினார்கள். பிசாகுவா என்ற கடலோர முகாமை ஒட்டி 1990 ஜூனில் ஒரு புதைகுழி திறக்கப்பட்டபோது, உப்பு மண்ணில் உடல்கள் சிதையாமல், கண்கட்டோடும் குண்டுக்காயத்தோடும் இருந்தன. அரசு இல்லையென்று சொன்னதை மண் காட்டிக்கொடுத்தது. பத்ரீசியோ குஸ்மான் 2010இல் எடுத்த ஆவணப்படம், காலமாப் பெண்களையும் அதே பாலையில் வானத்தை ஆராய்பவர்களையும் அருகருகே காட்டுகிறது.

அந்த வான் ஆய்வுக்கும் வறட்சியே அடிப்படை. நீராவி குறைந்த காற்று விண்ணின் ஒளியையும் நுண்ணலைகளையும் மங்கச் செய்வதில்லை. பரனால் மலையில் 1998 முதல் ஐரோப்பியப் பெருந்தொலைநோக்கிகள் இயங்குகின்றன. சான் பெத்ரோவுக்குக் கிழக்கே 5,000 மீட்டர் உயரத்தில் 66 அலைவாங்கிகள் கொண்ட அல்மா நிலையம் 2013இல் திறக்கப்பட்டது. அர்மசோனெஸ் மலையில் 39 மீட்டர் ஆடி கொண்ட தொலைநோக்கி எழுந்துகொண்டிருக்கிறது. யுங்காய் பகுதி மண் செவ்வாய் மண்ணை ஒத்திருப்பதால், அங்கு செல்லும் கருவிகளை இங்கே வைத்துச் சோதிக்கிறார்கள்.

சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பரந்த அட்டகாமா உப்புப் படுகையின் அடியிலுள்ள உப்புநீரில் லித்தியம் செறிந்திருக்கிறது. 1980களிலிருந்து அந்த நீரை இறைத்துப் பெரிய பாத்திகளில் மாதக்கணக்கில் வெயிலில் வற்றவைத்து லித்தியம் பிரிக்கிறார்கள். மழையில்லாததால் இது மலிவான முறை. ஆனால் அந்த நீர் மீண்டும் நிலத்துக்குத் திரும்புவதில்லை. படுகையின் விளிம்பு நீர்நிலைகளை நம்பி ஃபிளமிங்கோ பறவைகளும் பெய்னே, தொகொனாவோ போன்ற லிக்கனன்டாய் ஊர்களும் வாழ்கின்றன. எவ்வளவு இறைக்கலாம், அதை யார் அளப்பது, வருவாயில் ஊருக்கு என்ன பங்கு என்பவை அங்கே தீராத வழக்குகள். 2023இல் சிலி அரசு லித்தியத்தில் அரசுக் கட்டுப்பாட்டை வலுப்படுத்தும் கொள்கையை அறிவித்தது.

தண்ணீர் இங்கே எப்போதும் தொலைவிலிருந்தோ கடலிலிருந்தோ வரவேண்டியிருக்கிறது. உப்புக் காலத்தில் கரையோர ஊர்கள் நிலக்கரி எரித்துக் கடல்நீரைக் காய்ச்சி வடித்தன. 1872இல் லாஸ் சாலினாஸில், கண்ணாடிக் கூரைகளின் கீழ் வெயிலால் உவர்நீரை ஆவியாக்கி நன்னீர் எடுக்கும் நிலையத்தை சார்லஸ் வில்சன் அமைத்தார். சூரிய ஒளியில் இயங்கிய முதல் பெரிய நன்னீராக்கும் நிலையம் அது. 1958இல் அன்டோஃபகாஸ்டாவுக்கு மலையாற்று நீர் குழாயில் வந்தபோது நகரம் மகிழ்ந்தது. அந்த நீரில் ஆர்சனிக் மிகுந்திருந்தது. 1970இல் சுத்திகரிப்பு நிலையம் வரும்வரை அதைக் குடித்த தலைமுறையில் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் மிகுந்து காணப்பட்டன. இன்று அந்த நகரம் பெரும்பாலும் உப்பு நீக்கிய கடல்நீரைக் குடிக்கிறது. எஸ்கொந்திதா சுரங்கமும் நிலத்தடி நீரை விட்டுவிட்டு, கடல்நீரைச் சுத்திகரித்து 3,000 மீட்டருக்கு மேல் ஏற்றிப் பயன்படுத்துகிறது. அதற்கு வேண்டிய மின்சாரத்தில் வெயிலின் பங்கு ஆண்டுதோறும் கூடுகிறது. மரியா எலெனா வட்டாரத்தில் 2021இல் திறக்கப்பட்ட செர்ரோ தோமினதோர் நிலையம், பகல் வெப்பத்தை உருகிய நைட்ரேட் உப்பில் தேக்கி வைத்து இரவிலும் 110 மெகாவாட் வரை மின்சாரம் தருகிறது.